ஆர்டிஸ் வெண்ட்டின் நான்கு விரல்கள்

காலை ஏழு பத்துக்கு, கிரான்பெர்ரித் தோட்டம் தாண்டிய இரண்டாவது வளைவில், ஏறுவதற்கு ஒரு பிள்ளையும் இல்லாத இடத்தில் பள்ளிப் பேருந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. ஓட்டுநர் ஆர்டிஸ் வெண்ட் தன் சட்டைப் பையிலிருந்து கண்மருந்துக் குப்பி அளவில் ஒன்றை எடுத்து, வெளியே நீட்டி, ஒரு அமுக்கு அமுக்குகிறார். வெள்ளைப் பொடி புஸ்ஸென்று கிளம்பி, கொஞ்சம் யோசித்து, காட்டுப் பக்கமாக மிதந்து போகிறது. இருபத்தாறு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கைப் பார்க்கிறார்கள்.

“வடமேற்கு,” என்கிறார் ஆர்டிஸ். “போச்சு. சாயங்காலம் நான் பரண்ல ஏறுறதுக்கு முன்னாடியே என் வாசனை அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கும்.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க, மிஸ் ஆர்டிஸ்,” என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்.

“நேத்து நான் குளிச்சிருந்தேன் கண்ணு. அதான் தப்பாப் போச்சு.”

கதவு மூடுகிறது. பேருந்து நான்கு நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குப் போகிறது. தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் அவர் வருடம் முழுவதும் ‘காற்று’ என்று எழுதுகிறார். அது பொய்யும் அல்ல.

‘அவன்’ என்பது கோணக்கொம்பன் என்ற ஆண் மான். இடது கொம்பு முறையாக மேலே போகும். வலது கொம்பு புயலில் திரும்பிக்கொண்ட குடைக்கம்பிபோல் காதுக்குப் பக்கத்தில் கீழே வளைந்திருக்கும். மூன்று வருடங்களாக ஆர்டிஸ் வில்லோடு மரப் பரணில் ஏறி அவனைத் தேடுகிறார். மரங்களில் அவர் கட்டிவைத்திருக்கும் கேமராக்களில் அவன் எல்லாக் கோணத்திலும் பதிந்திருக்கிறான், சிலவற்றில் கேமராவை நக்கிக்கொண்டு. அந்தப் படங்களில் ஒன்றைப் பேருந்தின் சூரியத் தடுப்பில் செருகிவைத்திருக்கிறார். பக்கத்தில் பேரன் பேத்திகளின் படம் இருக்கிறது, கொஞ்சம் சிறிய அளவில்.

ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. விஸ்கான்சினின் இந்த வட மூலையில் எல்லாரும் நடக்கப் பழகும்போதே வில்லையும் பழகிவிடுவார்கள். ஆர்டிஸ் நாற்பத்தொன்பதில் தொடங்கினார். கணவர் அரிசோனாவுக்குத் தனியாகக் குடிபோனபோது வில்லை மறந்துவிட்டுப் போனார். வேறு எதையும் மறக்கவில்லை. அந்த வில்லை இழுக்க முடியாமல், அதை விற்றுவிட்டு லேசான ஒன்றை ஆர்டிஸ் வாங்கினார். அதன் கைப்பிடியில் ‘இளையோருக்கானது’ என்று அச்சிட்டிருந்ததை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆனதாம்.

குறி தப்பாதவர். பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் மான் ஒன்பது வருடங்களில் ஆயிரம் முறை செத்திருக்கிறது. உயிருள்ள மான் ஒன்றுகூட அவர் அம்பால் சாகவில்லை. ஒரு வருடம் தும்மல். ஒரு வருடம் தூக்கம். ஒரு வருடம் நாணில் குளிர்ச்சட்டையின் கை மாட்டிக்கொண்டு, அம்பு காப்பிக் குடுவையைத் துளைத்தது. இதெல்லாம் பேருந்தில் உள்ள பிள்ளைகளுக்கும், காலையில் ஒழுங்கு பார்ப்பதற்காக முன் இருக்கையில் உட்கார்ந்து போகும் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியனான எனக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

ஊரைப் பொறுத்தவரை ஆர்டிஸ் இரண்டாவது வருடமே ஒரு பெண் மானை வீழ்த்தியவர். வீழ்த்தியது உண்மை. காட்டிலிருந்து திரும்பும் வழியில் அது அவருடைய பிக்கப் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தது. முறைப்படி அதிகாரியைக் கூப்பிட்டு, அனுமதிச் சீட்டு வாங்கி, மானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவர் வெர்ன் மாட்டிலாவின் மதுக்கடை வாசலில் நிறுத்தினார். எல்லாரும் ஓடிவந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். மான் கிடந்தது, அதன் பக்கத்தில் வில் கிடந்தது. தோளில் தட்டினார்கள், பீர் வாங்கிக் கொடுத்தார்கள். “கிடைச்சிருச்சா ஆர்டிஸ்?” என்றார்கள். “கிடைச்சிருச்சு,” என்றார். வெர்ன் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். வண்டியின் உடைந்த முன்விளக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் பார்த்தார்கள்.

“என்ன அம்பு மிஸ் ஆர்டிஸ் அது? சிவப்பா, நாலு சக்கரம் வெச்சு?”

“வாயை மூடிக்கிட்டு உக்காரு.”

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். இதுவரை திறக்கவில்லை. அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவன் இன்று ராணுவத்தில் இருக்கிறான். அங்கேயும் சொல்லியிருக்க மாட்டான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் சாலைகளில் எதிரே வருபவருக்கு விரல் தூக்காதவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் நகரத்திலிருந்து வந்தவன். கட்டை விரல் ஸ்டியரிங்கை விடக்கூடாது. மற்ற நான்கு விரல்கள் மட்டும் எழுந்து அமரும். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய ஆர்டிஸுக்கு இது விக்கல் மாதிரி. பனி தள்ளும் வண்டிக்குத் தூக்குவார், சவ ஊர்திக்குத் தூக்குவார், வேலியோரம் நின்ற ஒரு பசுவுக்கும் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். தேவாலயத்தில் பாதிரியார் உள்ளே நுழையும்போது இல்லாத ஸ்டியரிங்கில் கட்டை விரலை வளைத்துக்கொண்டு நான்கு விரல் எழும்.

போன அக்டோபரில் ஒரு மாலை, கோணக்கொம்பன் வந்தான். பரணிலிருந்து இருபது தப்படி. பக்கவாட்டில் நின்று, ஓக் கொட்டைகளை மென்றான். காற்று சரியாக இருந்தது, தும்மல் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. ஆர்டிஸ் வில்லை எடுக்கக் கையை நகர்த்திய வேளையில் அவன் தலையைத் தூக்கி அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

முகத்தை நேராகப் பார்த்தவர்களுக்கு ஆர்டிஸ் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

அறுபது தப்படி தள்ளி, அடுத்த பண்ணையின் வேலியோர மறைவில் பன்னிரண்டு வயது கொரின் ஸ்டாட்லர் தன் அப்பாவின் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அது முதல் மானுக்கான காத்திருப்பு. அவள் காத்திருந்ததும் கோணக்கொம்பனுக்குத்தான். மறுநாள் காலை ஆர்டிஸ் வழக்கம்போல, “யாரு என்ன பாத்தீங்க?” என்று கேட்டார். காலை வணக்கம் என்பது அந்தப் பேருந்தில் இல்லை, இந்தக் கேள்விதான்.

“நான் கோணக்கொம்பனைப் பாத்தேன்,” என்றாள் கொரின். “நீங்க அவனுக்கு வணக்கம் வெச்சதையும் பாத்தேன்.”

பேருந்து முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு பையன் இருக்கையிலிருந்து கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தான். ஆர்டிஸ் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்தார். “ஒரு நொடி, அவனும் திருப்பிக் காலைத் தூக்குவான்னுதான் பாத்தேன்,” என்றார். பிறகு எழுந்து திரும்பி நின்று, ஒரே வரியில் சட்டம் போட்டார். “பஸ்ஸுல பேசுனது பஸ்ஸோட.”

அதற்கும் பிள்ளைகள் கட்டுப்பட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து பள்ளி வாசலில் இறங்கும் ஒவ்வொருவரும் முகத்தில் துளி சிரிப்பும் இல்லாமல் திரும்பி, நான்கு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆர்டிஸின் நான்கு விரல்கள் பதில் சொல்லிவிடுகின்றன. தடுக்க முயல்கிறார். முடிவதில்லை.

இப்படிப்பட்ட ஆர்டிஸ்தான், இளைய வில்லாளிகளுக்குத் தனி வேட்டைப் பருவம் கூடாது என்று மாவட்டத்திலேயே அதிகம் பேசுபவர். செப்டம்பரில் வில் வேட்டை எல்லாருக்கும் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் கொடுக்கலாமா என்பது கேள்வி. “கோடை முழுக்க யாரும் தொந்தரவு பண்ணாத மானு, எதுக்கும் பயப்படாது. அந்த நேரத்துல இந்தப் பொடிசுங்களை உள்ள விட்டா எனக்கு மிஞ்சுறது கால்தடம்தான்,” என்பார். அந்தப் பொடிசுகள் மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவதும் அவர்தான். காய்ச்சலில் கிடந்த கொரினுக்குப் பேருந்தை விட்டு இறங்கிப்போய் சூப் கொடுத்துவிட்டு வந்தார். அப்போதும் ஜன்னல் வழியாக அவள் அப்பாவின் வயலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இதை ஓட்டுக்கு விடும் மாவட்டத்தின் ஏப்ரல் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. குழந்தைகளுக்கான பெஞ்சுகளில் பெரியவர்கள் எழுபது பேர் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துப் பிள்ளைகள் பதினோரு பேர் பின்னால் பால் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றார்கள். பேச யாருக்கும் உரிமை உண்டு, ஓட்டு பெரியவர்களுக்குத்தான். கை தூக்கும் ஓட்டு. எண்ணுவது நான். தலைவர் மதுக்கடை வெர்ன் மாட்டிலா, இறைச்சியைத் தட்டும் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

கொரினின் அப்பா டேல் முதலில் எழுந்தார். “என் பொண்ணுக்கு சனிக்கிழமை விளையாட்டு, ஞாயித்துக்கிழமை கோயிலு, மத்த நாளு உங்க பள்ளிக்கூடம். அவ எப்போ மான் அடிப்பா, கனவுலயா? இந்தக் கூடத்துல பாருங்க, பாதிப் பேருக்கு முழங்கால் மாத்தி வெச்சிருக்கு. நாளைக்குக் காட்டுக்கு யாரு போவா?”

“பிள்ளை பேர்ல அப்பன் போவான்,” என்றார் பின்வரிசையில் ஒரு பால்பண்ணைக்காரர். “உன் மூத்தவன் மான் அடிச்ச அன்னைக்கு அவன் காய்ச்சல்ல படுத்திருந்தான்னு என் வீட்டுல சொன்னாளே, டேல்.”

“காய்ச்சல்லயும் குறி தப்பாத பய அவன்.”

வெர்ன் சிரித்து முடித்துவிட்டுச் சுத்தியலால் தட்டினார்.

ஆர்டிஸ் எழுந்தார். “வெயில் காலத்துல அடிச்சா கறி வீணாப் போகும். அது ஒண்ணு. வேட்டைன்னா பொறுமை, அது ரெண்டு. அஞ்சு நிமிஷம் கையைக் காலை ஆட்டாம ஒரு பிள்ளையை உக்காரச் சொல்லுங்க பாப்போம். மான் வந்து முன்னாடி நிக்கும்போது கை சும்மா இருக்கணும். அதுதான் வித்தையே.”

பால் குளிர்பெட்டியோரம் பதினோரு பேரும் கூரையை ஆராய்ந்தார்கள். ஒருத்தி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவின் பக்கத்திலிருந்து கொரின் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தாள். அதைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். “எனக்கு ஒரு திருத்தம் இருக்கு. வயசை எடுத்துடுங்க. இதுவரைக்கும் வில்லால ஒரு மான்கூட அடிக்காதவங்க யாரா இருந்தாலும் அந்த ரெண்டு நாள் போகட்டும். பன்னெண்டா இருந்தாலும் சரி, ஐம்பத்தெட்டா இருந்தாலும் சரி.”

“அதென்ன கணக்கு, ஐம்பத்தெட்டு?” என்றார் வெர்ன்.

“சும்மா வாயில வந்துச்சு.”

வெர்ன் சுத்தியலால் தன் கன்னத்தைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா வில்லைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சும் ஒண்ணும் அடிக்காத பெரியவங்க நம்ம ஊர்ல யாரும்மா இருக்கா? நம்ம ஆர்டிஸே ரெண்டாவது வருஷம் அடிச்சுட்டா. போட்டோ என் கடையில தொங்குது.” கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “அப்படி ஒருத்தர் இருந்தாலும் கை தூக்குங்க, திருத்தத்தை ஓட்டுக்கு விடுறேன். இல்லேன்னா பழைய கேள்விதான், பிள்ளைங்களுக்கு மட்டும்.”

டேலின் சொந்தக்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். பழைய கேள்வி ஜெயித்துவிடும் என்பது எண்ணாமலே தெரிந்தது. அந்த இரண்டு நாளில் கோணக்கொம்பன் டேலின் வேலியோரம்தான் வருவான் என்பதும் தெரிந்த விஷயம். ஆர்டிஸ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். சுவரில் தொங்கும் படத்தை நினைத்தாரோ, முன்விளக்கை நினைத்தாரோ. காது மட்டும் சிவந்திருந்தது.

“யாரும் இல்லையா?” என்றார் வெர்ன். சுத்தியல் மேலே போனது.

கொரின் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். ஆர்டிஸின் பெஞ்சைக் கடக்கும்போது நின்றாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். நான்கு விரலைத் தூக்கினாள். பால் குளிர்பெட்டியோரம் பதினோரு கைகள் அதேபோல் எழுந்தன.

தொடைக்கு அடியிலிருந்து ஆர்டிஸின் வலது கை வெளியே வந்தது. நான்கு விரல்கள் எழுந்தன.

“ஆர்டிஸ்,” என்றார் வெர்ன், சுத்தியலைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு. “அது பிள்ளைங்களுக்கா, எனக்கா?”

எழுபது தலைகள் திரும்பின. ஆர்டிஸ் தன் கையை, வேறு யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனதைப்போலப் பார்த்தார். கீழே இறக்கவில்லை. முழங்கை நிமிர்ந்தது, சட்டைக் கை சரிந்தது, முப்பத்தொரு வருடமாக ஸ்டியரிங்கை விடாத கட்டை விரலும் மெல்லப் பிரிந்து மற்ற நான்கோடு சேர்ந்து நின்றது.