பெண் பார்ப்பதுபோல் ஒரு லைப்ரரி

"நீ தனியா வர்றியா, கூட்டத்தக் கூட்டிட்டு வர்றியா?"

ஞானசௌந்தரி கேட்பது கணினித் திரையைப் பார்த்து. வாயில் பாதி கடித்த பனங்கிழங்கு. சுரக்குடி நடராசனின் மூன்றாவது மகள், வயது நாற்பத்தொன்று. மாமன் மகன் நீலகண்டனையே கட்டிக்கொண்டவள். அவர் வயலுக்குப் போனதும், காரைக்கால் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி சர்வர் வேலை பார்க்கிறாள்.

அறுவடை இயந்திரத்துக்கு முன்பதிவு செய்யும் தளம் வெள்ளிக்கிழமை திறக்கிறது. விவசாயிகளின் பாஸ்வேர்டை அரைத்து, திரும்ப அரிசியாக்க முடியாத மாவாக வைக்க ஒரு ஹாஷிங் லைப்ரரி, அதாவது யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பு வேண்டும். தளம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் இவள் தேடுவது பெண் பார்க்கிற கணக்கு. யார் வளர்க்கிறார்கள், கடைசியாக எப்போது கவனித்தார்கள், குறை சொன்னவர்களுக்குப் பதில் வந்ததா, எல்லாம் விசாரிப்பாள். ஒன்றை இறக்கினாள், பின்னாலேயே முப்பது லைப்ரரிகள் வந்து இறங்கின.

"ஆத்தாடி, பொண்ணோட முப்பது சொந்தமா! இதுல எவன் திருடன்னு நான் எங்க போயி தேட?" அப்போதே அழித்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து சிலம்பரசன் போனில் அவசரப்பட்டான். "அக்கா, இருக்கறதுலயே வேகமானதப் போடுங்க. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒண்ணா வருவாங்க, சர்வர் படுத்துரும்."

"வேகமா அரைச்சா திருடனும் வேகமா ஊகிச்சுப் பாப்பான் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு பேங்குக்கும் இதுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வைப்பாரு. ஊரே அப்படித்தான். கால் செகண்டு நின்னா கதிரு உதிர்ந்துராது."

கடைசியில் ஒன்று அமைந்தது. தனியாக வந்தது, நிதானமாக அரைத்தது. நானூறு பேர் ஒன்றாக நுழைவதுபோல் சோதித்தாள், சர்வர் அசையவில்லை. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நாள் முன்னதாகவே பாஸ்வேர்டு போட்டுவைத்திருந்த ஊர், வெள்ளிக்கிழமை முழுக்க நுழைந்தது, ஒருவரைத் தவிர.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நீ செஞ்சதுதானே, பாத்து சொல்லு" என்று வந்து நின்றார் நீலகண்டன்.

"எனக்கே தெரியாதுங்க!" அவள் முகமெல்லாம் பல். திரையைத் திருப்பிக் காட்டினாள். "இதுதாங்க உங்களுது."

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி?"

"அதேதான்! புதுசா ஒண்ணு போடுங்க. பேங்குக்கும் அதையே வச்சுராதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே புதியதைப் போட்டு, இயந்திரத்தையும் பதிந்துவிட்டுப் போனார். ஞானசௌந்தரி திரையின் இரண்டு ஓரங்களையும் மணமகள் கன்னம்போல் வழித்தெடுத்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து, பத்து விரலும் சடசடவென நெட்டி முறித்தாள்.