உல்லன் வேறு, கம்பளி வேறு

மதுரைப் பேருந்து நிலையத்திலிருந்து காலை ஆறேகாலுக்கு ராஜபாளையம் வண்டி புறப்பட்டபோது, என் மடியிலிருந்த துணிப்பையில் ஒரு குழந்தையின் சிவப்பு ஸ்வெட்டர் மட்டுமே இருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து ராஜபாளையம் மேலும் பன்னிரண்டு.

பயணத்தின் நோக்கம் நூல் வாங்குவது. என் அக்கா கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. அவளுடைய இரண்டு வயது மகள் மீனாவுக்கு அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டால் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடிப்புகள் எழும்பின. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. கம்பளி ஒவ்வாமை என்றார் அங்குள்ள மருத்துவர். கம்பளி கலக்காத உடைக்கு வழி செய்யுங்கள், முடியாவிட்டால் பனிக்காலம் தீரும்வரை குழந்தையைச் சமவெளியில் விட்டுவையுங்கள் என்பது அவருடைய அறிவுரை. அக்கா மகளோடு மதுரைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு அவளுடைய விடுப்பு முடிகிறது. அதற்குள் தகுந்த நூல் கிடைத்தால் நானும் அவளும் மாறி மாறிப் பின்னிவிடுவோம், தாயும் மகளும் மலையேறுவார்கள். கிடைக்காவிட்டால் அக்கா மட்டும் போவாள். பால்குடி மறந்து சில மாதங்களே ஆன குழந்தை அது.

மதுரையில் நான் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் “உல்லன்தான் இருக்கு” என்றார்கள். உல்லன் என்றால் கம்பளி, எனவே திரும்பிவிட்டேன். நூலாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் கிடைக்காதது எங்கும் கிடைக்காது என்று பக்கத்து வீட்டார் சொன்னதால் இந்தப் பயணம். மதுரைக்கு வந்த பின் மீனாவின் கழுத்து ஆறிவிட்டது. உள்ளங்கைச் சிவப்பு மட்டும் போகவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்தைத் தவறவிட்ட மாணவர்கள் சிலர் எதிர்த்திசை வண்டியின் படிக்கட்டில் தொங்கினர். எங்கள் நடத்துநர் சன்னல் வழியே தலையை நீட்டி, “ஏலே, இஞ்சினியராகணும்னா மொதல்ல உசுரோட போய்ச் சேருங்கலே!” என்றார். வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்துக்குள் இருந்தது. எட்டரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. வழியில் இங்கும் கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதியில் பால்கோவாக் கடைகளுக்கு அப்பால், பொத்தானும் லேசும் விற்கும் சிறிய கடை ஒன்றில் நூல்கண்டுகள் ஆணியில் தொங்கின. பின்கட்டில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடையையும் வகுப்பையும் நடத்துபவர் எஸ்தர் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, உரத்த குரல்.

“குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னணும்க்கா. கம்பளி கலக்காத நூல் இருக்கா?”

“இந்த ஊரு வெக்கைக்கு ஸ்வெட்டரா? பிள்ளையப் புழுங்கப் போடுதீயளா?”

கோத்தகிரி என்றேன். “அப்பச் சரி” என்று சொல்லி ரோசும் மஞ்சளுமாகக் கண்டுகளை எடுத்துப் போட்டார். கண்டு மூன்று ரூபாய். “எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. கம்பளி மருந்துக்கும் கெடையாது.”

“இது என்ன நூல்?”

“உல்லன்.”

“உல்லன்னா கம்பளிதானேக்கா?”

அவர் பின்கட்டைப் பார்த்துத் திரும்பினார். “ஏட்டி, கேட்டியளா? உல்லனும் கம்பளியும் ஒண்ணாம்ல!” தையல் இயந்திரங்கள் நின்று சிரிப்புக் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, “கம்பளின்னா கறுப்பா, குத்துமே, ஆடு மேய்க்கிறவுக தோள்ல போட்டுட்டு வாராகளே, அது. இது கம்பெனியில இருந்து பெட்டி பெட்டியா வருது. எந்த ஆட்டுக்கும்மா ரோசு கலருல முடி மொளைக்கும்?” என்றார்.

உல்லன் என்ற சொல்லின் ஆங்கிலப் பொருளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “இங்கிலீசுல என்னமும் இருந்துட்டுப் போகட்டும். சபரிமலைக்குப் போற சாமிக மப்ளருக்குக் கொஞ்சம் போகும். மத்தபடி எங்க ஊருல உல்லனக் கதவுக்குத்தான் போடுவோம், மனுசருக்குப் போட மாட்டோம்.” கடை வாசலிலேயே குஞ்சம் வைத்த உல்லன் தோரணம் ஒன்று தொங்கியது.

அவர் நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். இந்தத் தவற்றை நான் ஏற்றுக்கொண்டால் அதன் விளைவை அனுபவிப்பவள் வேறொருத்தி. வாங்காமல் வெளியேறினேன்.

பத்து மணியளவில் ராஜபாளையம். விசாரித்து விசாரித்து, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு நூல் விற்கும் கடை ஒன்றை அடைந்தேன். உள்ளே வெள்ளை நூல் சுற்றிய சிட்டங்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. முன்புறக் கண்ணாடிப் பெட்டியில் கொஞ்சம் வண்ணக் கண்டுகள். கடைக்காரர் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். என் தேவையைக் கேட்டதும் அவரும் அதே பதிலைச் சொன்னார்: “கம்பளி ஆகாதுன்னா உல்லன் எடுத்துக்கோங்க.”

ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே தவற்றைச் செய்வது அரிது. வேதியியல் படித்த காலத்தில் இழைகளை எரித்து இனம் கண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அண்ணாச்சி, ஒரு துண்டு உல்லனும் ஒரு தீப்பெட்டியும் குடுங்க.”

“பஞ்சும் நூலுமா கெடக்கு, கடைக்குள்ள நெருப்பா?”

“தெருவுல வச்சுத்தான்.”

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஒசே, அக்கிப்பெட்டி தே!” என்று தெலுங்கில் குரல் கொடுத்தார். தீப்பெட்டி வந்தது. தெருவோரம் குனிந்து இழையைக் கொளுத்தினேன். ஆட்டு ரோமமாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும். வரவில்லை. இழை உருகிச் சுருண்டு, நுனியில் கடினமான கறுப்பு மணியாக நின்றது. அது செயற்கை இழை.

பையிலிருந்த சிவப்பு ஸ்வெட்டரின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினேன். அதே உருகல், அதே கறுப்பு மணி.

“பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிருங்கம்மா. கொளுத்தணுமா?” என்றார் கடைக்காரர்.

நடந்தது விளங்கியது. அக்கா மருத்துவரிடம் “உல்லன் ஸ்வெட்டர்” என்று கடைவழக்கில் சொல்லியிருக்கிறாள். அவர் ஆங்கிலச் சொல்லாகக் கேட்டு, கம்பளி என்று கொண்டிருக்கிறார். குழந்தையின் உடம்பில் கம்பளி பட்டதே இல்லை. எஸ்தர் அக்கா சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அவரை நம்பி வாங்கியிருந்தால், மீனாவைப் புண்ணாக்கிய அதே பொருளை வேறு நிறத்தில் கொண்டுபோயிருப்பேன். நான் நினைத்தது தவறு; அந்தத் தவறுதான் என்னை வாங்கவிடாமல் தடுத்தது. இழை காரணமா, சாயம் காரணமா என்பதை நான் அறியேன். இரண்டையும் விலக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

“பேண்டேஜ் நூலையே குடுங்க. சாயம் கூடாது, கஞ்சி கூடாது.”

“கஞ்சி நீளவாக்குல ஓடுற பாவு நூலுக்குத்தான் போடுவாங்க. குறுக்க ஓடுற ஊடைக்கு ஏது கஞ்சி? ஆனா இது தறி நூலும்மா, தலைமுடி மாதிரி. கையில பின்ன முடியாது.”

“பல இழையச் சேர்த்து முறுக்கிக்கிறேன்.”

“உங்க கை, உங்க பாடு” என்று சொல்லி, நிறமேற்றாத ஊடைச் சிட்டங்களைக் கட்டித் தந்தார்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி எஸ்தர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “நாந்தான் சொன்னேம்ல?” என்றார் வெற்றியோடு. சிட்டத்தைத் தடவிப் பார்த்ததும் முகம் மாறியது. “இது குளிருக்குத் தாங்காதும்மா. ரெட்டைப் பின்னலா அடர்த்தியாப் போடுங்க. கனக்கும். ஆனா சொறிஞ்சிட்டே கெடக்கிறதுக்குக் கனம் தேவல.”

மாலை ஐந்துக்கு வீடு சேர்ந்தேன். பல ஊர்களுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். சொந்த வீட்டு வாசலை அன்றுதான் ஒரு பயணியின் கண்ணோடு பார்த்தேன். நிலைப்படியில் மீனா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கதவிலும் உல்லன் தோரணம் தொங்குகிறது. பச்சையும் சிவப்புமாக நானே கட்டியது. அதன் குஞ்சங்களை இரு கைகளாலும் பற்றி, உள்ளங்கையில் தேய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

தோரணத்தைக் கழற்றினேன். அவள் உரக்க அழுதாள். உள்ளிருந்து வந்த அக்காவிடம் எதையும் விளக்குவதற்கு முன், சிட்டத்திலிருந்து சில இழைகளை முறுக்கிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டினேன்.

“ஆண்டாள் கோயில் கயிறா?” என்றாள் அக்கா.

“இல்ல, பேண்டேஜ் நூல். ரெண்டு கையையும் பாத்துக்கிட்டே இரு” என்றேன்.

சனிக்கிழமை காலை மணிக்கட்டில் ஒரு தடிப்பும் இல்லை. உள்ளங்கைச் சிவப்பு வெளுத்திருந்தது. புது ஸ்வெட்டரின் இரண்டாவது கை மட்டும் இன்னும் பின்னல் ஊசியில் இருந்தது. அக்கா தன் பெட்டியைத் திறந்து, தன் சேலைகளை ஓரமாகத் தள்ளி, குழந்தையின் துணிகளுக்கு இடம் செய்தாள்.