ஊஞ்சல் கயிற்றால் அளந்த தோட்டம்

என் மாமாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். சர்வே கோஷ்டி ஒன்று மேலகரம் பக்கம் கூடாரம் அடித்திருந்தபோது இருபது நாள் அவர்களுக்குக் கொடி பிடித்து நின்றார். அதற்குப் பிறகு நிலம் அளப்பதைப் பற்றி அவருக்கு யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட இலையில் ரசம் ஓடுகிற பக்கத்தைப் பார்த்து, தரை வடமேற்கில் வாட்டமாக இருக்கிறது என்பார். "சாப்புட்டு எந்திரி, பெறவு அளக்கலாம்" என்பாள் அம்மா.

அந்த இருபது நாளில் அவருக்கு இன்னொன்றும் கிடைத்தது. வெயிலில் கொடியோடு நின்றவருக்கு ஒரு தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. கொடுத்தவள் பின்னாளில் எனக்கு அத்தையானாள். அதனால் இப்போதே அத்தை என்று சொல்லிவிடுகிறேன். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கோஷ்டி போனபிறகும் மாமாவுக்கு அந்தப் பக்கமே தாகம் எடுத்துக்கொண்டிருந்தது.

அப்பா முறைப்படி போய்ப் பெண் கேட்டார். அத்தையின் தகப்பனாரைக் கீழத்தோட்டக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கிணறு இருக்கவேண்டும். மூத்த மகளைச் சிவகிரிப் பக்கம் நல்ல இடம் என்று கட்டிக்கொடுத்து, அவள் தினமும் அரை மைல் நடந்து தண்ணீர் சுமப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். "நாலு வண்டி நகை போட்டாலும் சரி, கெணறு இல்லாத வீட்டுக்கு எம் மவ போக மாட்டா" என்று அவர் சொன்னதாக அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார்.

மாமா இருந்த கையிருப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு கிணற்றோடு ஒரு தோட்டம் தேடினார். அகப்பட்டது. குற்றாலம் போகிற சாலைக்குக் கீழ்ப்புறம், கீழத்தோட்டத்துக்கு ஒட்டினாற்போல. சொந்தக்காரர் வருஷக்கணக்கில் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் புளியங்குடியில் மகன் வீட்டில் இருந்தார். கிணற்றோடு சேர்த்துத்தான் விற்கிறேன் என்று அவர் எழுதியிருந்தார். மாமா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடிப்போய்க் கீழத்தோட்டக்காரரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுக் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"தம்பி, நீரு சொல்லுத கெணறு என் கெணறுல்லா?"

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரே கிணறுதான். பத்து முழ அகலம், கல் கட்டு, எந்தக் கோடையிலும் வற்றாது. அத்தை வீட்டில் அதில்தான் தண்ணீர் எடுத்தார்கள். வாங்கப் போகிற தோட்டத்துக்கு மூன்று மூலையில் சர்வே கல் இருந்தது. நாலாவது, வடகிழக்கு மூலைக் கல்லை மட்டும் காணவில்லை. கிணறு இருந்தது அந்த மூலையில். கல்லைப் பிடுங்கியது நீதான் என்று இருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொண்டது எனக்கே கேட்டது.

சிக்கல் எப்படிப்பட்டதென்றால், கிணறு கீழத்தோட்டக்காரருடையது என்று ஆனால் மாமாவுக்குக் கிணறு இல்லை, ஆகவே பெண் இல்லை. மாமாவுடையது என்று ஆனாலோ, "ஆண்டு அனுபவிச்ச கெணத்தப் புடுங்குனவன் கூடச் சம்பந்தமா" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பொதுவாக வேண்டிக்கொண்டாள்.

தோட்டத்தின் பழைய பத்திரத்தில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. வடக்கு எல்லை, சாலையோரக் கல்லிலிருந்து கிழக்கே ஐந்து சங்கிலி. அதை அளந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஊர்க் கணக்குப்பிள்ளை சர்க்கார் வேலையாக வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். நிலம் அளக்கிற அவருடைய இரும்புச் சங்கிலி பெட்டியில் பூட்டப்படும். வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க மாமாவால் ஆகுமா? என் ஊஞ்சல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வீட்டு முற்றத்துக்குப் போனார். கெட்டியான சணல் கயிறு. முந்தின நாள் சாரலில் நனைந்து, அன்று பாதி காய்ந்திருந்தது. சங்கிலியைத் தரையில் நீட்டி, பக்கத்தில் கயிற்றை நீட்டி, சரியாக ஒரு சங்கிலி நீளத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டார். கணக்குப்பிள்ளை, "அந்தப் புலப்படத்தையும் ஒருக்கப் பாத்துட்டுப் போயேம்பா" என்று கூப்பிட்டாராம். நிலத்தை வரைந்த படமெல்லாம் மனசிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமா வந்துவிட்டார்.

முதல் நாள் சுள்ளென்று வெயில். மாமா ஒரு முனை, அப்பா ஒரு முனை, கீழத்தோட்டக்காரர் சாட்சி. ஐந்தாவது தடவை கயிற்றை நீட்டியபோது சிவப்புத் துணி கிணற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. முழுக் கிணறும் மாமாவுக்கு. மாமாவின் முகத்தில் வந்த சிரிப்பு கீழத்தோட்டக்காரர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. "நாளைக்கு நான் அளக்கேன்" என்றார் அவர்.

மறுநாள் சாரல். ஆனி மாதத்துச் சாரல் எங்கள் ஊரில் யாரையும் வீட்டுக்குள் உட்கார வைக்காது. நனைந்துகொண்டே அளந்தார்கள். அதே கயிறு, அதே சிவப்புத் துணி. இந்தத் தடவை கிணற்றுக்கு இந்தப் பக்கமே ஐந்து சங்கிலி முடிந்துவிட்டது. முழுக் கிணறும் கீழத்தோட்டக்காரருக்கு. மாமா சாலையோரக் கல்லை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். பூமி நகர்ந்திருக்கலாம் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு முறை வைத்து அளந்தார்கள். ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். அளக்கிறவர் ஜெயித்தார், மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு இதிலெல்லாம் ஒரு வருத்தமும் கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கயிறு என்னுடையது. அளந்து முடிந்ததும் அழுது அடம்பிடித்து அதைக் கிணற்றடி மாமரத்தில் ஊஞ்சலாகக் கட்டவைத்துவிடுவேன். மிச்சக் கயிற்றைக் கிளையில் சுற்றிவிடுவார்கள். அதனால் அளவுகோல் இராப்பகலாக மாமரத்திலேயே தொங்கியது, நானும் பகலெல்லாம் அதிலேயே தொங்கினேன்.

அந்த ஊஞ்சலில் ஒரு வேடிக்கை உண்டு. வெயிலில் ஆடினால் என் கால்விரல் தரையைத் தொடும். சாரல் அடித்தால் ஊஞ்சல் மேலே ஏறிக்கொள்ளும், எக்கினாலும் தரை எட்டாது. தண்ணீர் எடுக்க வந்த அத்தையிடம் இதைச் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏட்டி, இத வேற யாருட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொல்லாம இருந்தா தெனம் ஒனக்கு மங்குஸ்தான் பழம்."

குற்றாலத்து மலைத் தோட்டங்களில் பழம் இறங்குகிற பருவம் அது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று என்று பங்கு வைப்பார்கள். அத்தை தினமும் ஐந்தாறு கொண்டுவருவாள். கிணற்றுச் சுவரின் மேற்கு விளிம்பில், கல்லில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. பள்ளத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைப்பாள். உருளாமல் நிற்கும். நான் ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பேன், கையெல்லாம் ஊதாக் கறை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு கூலி கிடைக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் அத்தை என் ஊஞ்சல் மேல் ரொம்பக் கரிசனமாக இருந்தாள். அவள் அப்பா அளக்கிற நாளில் வெயிலடித்தால், விடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கயிற்றின் மேல் கொட்டுவாள். மாமா அளக்கிற நாளில் சாரலாக இருந்தால், கயிற்றை அவிழ்த்துக்கொண்டுபோய் நெல் அவிக்கிற அடுப்புப் பக்கத்தில் சுருட்டிப் போட்டு, அளக்கிற நேரத்துக்குச் சூடாகக் கொண்டுவந்து தருவாள். எதற்கு என்று கேட்டதற்கு, இப்படிச் செய்தால் கயிறு ரொம்ப நாள் உழைக்கும் என்றாள். நம்பிவிட்டேன். எவ்வளவானாலும் அந்த மாமாவின் மருமகள்தானே நான்.

ஏழாம் நாள் கணக்குப்பிள்ளை ஊர் திரும்பினார். இரும்புச் சங்கிலியைத் தலையாரி தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நடக்க நடக்க அது சலங்கை மாதிரி சத்தம் போட்டது. அன்று வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. சங்கிலி அதைச் சட்டை செய்யவில்லை. நான்கு சங்கிலி ஆயிற்று. ஐந்தாவதைக் கிணற்றின் மேற்குச் சுவர் வரை நீட்டியபோது இன்னும் பதினோரு கண்ணி மிச்சம் இருந்தது. சுவருக்கு அப்பால் தண்ணீர்தான்.

கணக்குப்பிள்ளை சுற்றிப் பார்த்து என் ஊஞ்சலைக் கண்டார். கயிற்றை அவிழ்த்துச் சங்கிலியின் பித்தளைப் பிடியில் கட்டச் சொன்னார். கயிற்றின் மறு முனையைக் கீழத்தோட்டக்காரர் கிணற்றின் கிழக்கே நின்று இழுத்தார். சங்கிலியை மேற்கே மாமா பிடித்துக்கொண்டார். கிணற்றுக்கு மேலே அது விறைப்பாக நின்றது. பித்தளைப் பிடி சரியாகக் கிணற்றின் நடுவில், தண்ணீருக்கு நேர் மேலே, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு தொங்கியது.

கணக்குப்பிள்ளை புலப்படத்தைப் பிரித்தார். வடகிழக்கு மூலையில் கல்லுக்கான அடையாளம் இல்லை. ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. கோடு அந்த வட்டத்தின் நடுவில் போய்த் திரும்பியது.

"எங்கன அந்த மூலக் கல்லு?" என்று கேட்டார் கீழத்தோட்டக்காரர், கயிற்றை விடாமலே.

"கெணத்துக்குள்ள யாரு அண்ணாச்சி கல்லு நடுவா? இந்த மூலையில கல்லே போடலயே" என்றார் கணக்குப்பிள்ளை.

ஒரு வாரமாக இரண்டு பேரும் மனசுக்குள் ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டது, ஒருநாளும் இல்லாத ஒரு கல்லுக்காக. மாமா கையிலிருந்த சங்கிலியின் கண்ணிகளை இன்னொரு தடவை எண்ண ஆரம்பித்தார்.

கீழத்தோட்டக்காரர்தான் முதலில் பேசினார். இப்போது அவருக்கு வேறு கவலை. "ஆளுக்குப் பாதி. சரி. அரைக் கெணறு கெணறாவுமா? நான் கேட்டது சொந்தக் கெணறுல்லா."

மாமா முகம் செத்துப்போயிற்று. சாரல் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அப்போது அத்தை குடத்தோடு வந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் யாரையும் பார்க்காமல் கிணற்றின் மேற்குப் பக்கம், மாமா நின்ற பக்கம் போனாள். வாளியை இறக்கினாள், இழுத்தாள், குடத்தில் ஊற்றினாள். குடம் தளும்பியது. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"அரைக் கெணத்துல மொண்டாலும் கொடம் நெறையத்தான செய்யுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கணக்குப்பிள்ளை படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். கீழத்தோட்டக்காரர் மகள் போன வழியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கயிற்றை மெதுவாகத் தளர்த்தி, "கெணத்துல பாதிப் பாத்தியம்னு பத்திரத்துல தெளிவா எழுதச் சொல்லுங்க" என்றார். "சரி மாமா" என்று எங்கள் மாமாவின் வாயிலிருந்து வந்தது. அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். கீழத்தோட்டக்காரர் அதைத் திருத்தவில்லை.

ஆவணியில் கல்யாணம். பந்தல் கட்டக் கயிறு போதாமல் என் ஊஞ்சல் கயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள். மாமா அதன்பின் முப்பது வருஷம், யார் நிலம் வாங்கப் போனாலும், முதலில் புலப்படத்தைப் பாருங்கள் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். சர்வே கோஷ்டியில் இருந்தபோதே கற்றுக்கொண்டது என்று கூசாமல் சொல்வார்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளையோடு போயிருந்தபோது ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன், அந்தக் கயிற்றை ஏன் அப்படி நனைத்தாள், காய வைத்தாள் என்று. என் பிள்ளைக்கு மங்குஸ்தான் உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கப்பா ஜெயிச்சா ஒங்க மாமாவுக்குப் பொண்ணு இல்ல. ஒங்க மாமா ஜெயிச்சா எங்கப்பாவுக்கு மொகம் இல்ல. கணக்குப்பிள்ள வருத வரைக்கும் ரெண்டு பேரும் ஜெயிச்சிக்கிட்டே இருக்கட்டும்னுதான்."

கணக்குப்பிள்ளை வந்தால் பாதி பாதி என்று ஆகும் என்பது படத்தைப் பார்க்காத அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் உடைத்த பழத்தைப் பிள்ளையிடம் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிழக்கு விளிம்பைக் காட்டினாள். அவளும் அவள் அம்மாவும் இழுத்து இழுத்துக் கயிறு அறுத்த பள்ளங்கள், கல்லில் வரிசையாக. பிறகு மேற்கு விளிம்புக்குக் கூட்டி வந்தாள். அங்கேயும் அதேபோல், அதே ஆழத்தில், இன்னும் பழைய பள்ளங்கள். தரிசாகப் போடும் முன் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்று இழுத்தவை. நாளெல்லாம் அந்தக் கிணற்றடியில் நின்று அளந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் அத்தனை நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் உருளாமல் இருப்பதற்காக யாரோ செதுக்கி வைத்தது என்று நினைத்திருந்தேன்.