நடுப்பந்தும் மாப்பிள்ளையும்

பாகூர் ஏரி நிரம்பி வழிந்து, எங்கள் ஊர்க் கரும்பெல்லாம் தண்ணீரில் படுத்துக் கிடந்ததே, அந்த மழைக்கு அடுத்த கோடையில்தான் எனக்கு டவுனில் ஒரு மில்லில் இடம் கிடைத்தது. எழுபதுக்குப் பிறகு. வருஷம் சரியாக ஞாபகமில்லை, கரும்பு படுத்தது ஞாபகமிருக்கிறது. படுத்த கரும்பில் எலி சேரும், எடை குறையும். அப்பா அந்த வருஷம் முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மில்லில் என்னைச் சேர்த்தது பூப்பந்துக்காக. கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, மர மட்டை, நடுவில் வலை. எங்கள் பக்கத்தில் அதைத்தான் பேட்மிட்டன் என்போம். இறகு வைத்த பந்தை நான் வெகுகாலம் கழித்துத்தான் பார்த்தேன். பனி விழுந்தால் கம்பளிப் பந்து கனத்துவிடும், நன்றாக அடிபட்டால் பிசிறு பிசிறாகப் பிரியும். மழைக்காலத்தில் மட்டையின் நரம்பு தொய்ந்து போகும். அம்மா அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவாள். ஒருமுறை கருவாட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டாள். அன்றைக்கு மைதானத்துப் பூனை ஒன்று என்னை விட்டுப் போகவேயில்லை.

அப்போது மில்லுகள் ஆட்டத்துக்கு டீம் வைத்திருந்தன. ஆடத் தெரிந்தவனைப் பதிலி ஆளாக எடுத்துக்கொள்வார்கள். பதிலி என்றால், வராதவன் மிஷினில் நிற்கிறவன். காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். எவனாவது வரவில்லையென்றால் வேலை உண்டு, எல்லாரும் வந்துவிட்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டும். பர்மனென்ட் ஆகிற வரைக்கும் அதுதான் பிழைப்பு.

அங்கே எனக்கு ஜோடியாக வந்தவனும் பதிலிதான். வில்லியனூர்ப் பக்கம், நெல் போடுகிற குடும்பம். டீமைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார். காரணம், எனக்கு இடது கை, அவனுக்கு வலது கை. நான் வலப்பக்கம் நிற்பேன், அவன் இடப்பக்கம். நடுவில் வருகிற பந்து அப்போது இரண்டு பேர் கைக்கும் தோதாக வரும். எதிராளிகளுக்கு அது தொந்தரவு, எங்களுக்கும் தொந்தரவு. யாராவது ஒருவன் கத்தியாக வேண்டும், இல்லையென்றால் மட்டையும் மட்டையும் முட்டிக்கொள்ளும்.

"எட்றா!"

"உட்றா, நான் பாத்துக்கிறேன்!"

"நவுர்றா எருமை!"

இப்படித்தான் ஆடினோம். ஒருவரை ஒருவர் திட்டாமல் ஒரு பாயின்ட் எடுத்ததாக ஞாபகமில்லை. பண்ருட்டி, கடலூர், திண்டிவனம் என்று போய் ஆடிவிட்டு, வறுத்த மணிலாக்கொட்டையை உரித்துத் தின்றுகொண்டே சைக்கிளில் திரும்புவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அப்பா அவனிடம் நடவைப் பற்றிப் பேசினார். அவன் கிளம்பிப் போனதும், "பையனுக்கு நெலம் கீதாடா?" என்றார். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பெரியவர்கள் பேசி, வைகாசியில் கல்யாணம் நடந்தது. எனக்கும் சந்தோஷம்தான். இனிமேல் அவரை அவன் என்று சொல்லக்கூடாது.

கல்யாணத்துக்கு மறுநாள் நான், "டேய், மட்டையை எடுத்துக்கினு வா" என்றேன். அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"யாரடா டேய்ன்ற? தங்கச்சி புருசன்டா. வாங்க மாப்ளன்னு சொல்லு."

"கிரவுண்ட்ல இன்னாம்மா சொல்றது?"

"கிரவுண்டுன்னா மட்டும் அவரு மாப்ள இல்லன்னு ஆயிடுமா?"

வெளியே வந்து, "வாங்க மாப்ள" என்றேன். அவர் வீட்டிலும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவரும் என்னை, "வாங்க மச்சான்" என்றார்.

மில்லுகளுக்குள் நடக்கும் இரட்டையர் போட்டி ஆனியில் வந்தது. கோப்பையைக் கொண்டுவந்தால் இரண்டு பேரையும் பர்மனென்ட் ஆக்கச் சொல்வதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ஆட்டங்களில் எதிராளிகள் சுமார்தான், தப்பித்துவிட்டோம். கடைசி ஆட்டத்தில் சிக்கிக்கொண்டோம். "எடுங்க மாப்ள" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து விழுந்துவிட்டது. "நீங்க எடுங்க மச்சான்" என்று அவர் சொல்வதற்குள் இன்னொன்று. சில பந்துகளுக்கு இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. நடுவில் விழுந்த பந்தை இரண்டு பேரும் குனிந்து எடுக்கப் போய்த் தலை முட்டிக்கொண்டோம்.

வேலிப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்: "இன்னாபா, விருந்து வைக்கிறீங்களா? ஒருத்தருக்கொருத்தர் பரிமாறிக்கினே கீறீங்க!"

முதல் செட் போனது. என் அப்பாவும் சம்பந்தியும் பெஞ்சியில் பக்கத்துப் பக்கத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனபோது மேஸ்திரி வந்தார்.

"இன்னாய்யா ஆச்சு உங்களுக்கு? சண்டையா?"

"சண்ட இல்ல மேஸ்திரி. சம்பந்தம்" என்றார் மாப்பிள்ளை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "நாளைக்கும் கேட்ல போய் நிக்கிறதுன்னா இப்டியே ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது செட்டும் அதே போக்கில்தான் ஆரம்பித்தது. மறுபடியும் ஒரு நடுப்பந்து. நான், "எடு..." என்று இழுத்துக்கொண்டு நின்றேன். பந்து விழுந்தது. மாப்பிள்ளை மட்டையைத் தரையில் குத்தினார்.

"வாய்ல இன்னாடா வச்சினு கீற? கொழுக்கட்டயா? கத்துடா!"

அதற்குப் பிறகு நான் பெஞ்சியைப் பார்க்கவில்லை. அடுத்த நடுப்பந்துக்கு, "நவுர்றா எருமை!" என்று கத்தினேன். அவர் நகர்ந்தார். நான் அடித்தேன், பாயின்ட் வந்தது. மைதானத்தில் சிரிப்புச் சத்தம். பிறகு யார் யாரை என்ன சொன்னோம் என்பதை இங்கே சொல்ல முடியாது. அந்தச் செட்டும் வந்தது, அடுத்ததும் வந்தது.

கோப்பை வாங்கித் திரும்பிப் பார்த்தால் பெஞ்சியில் அப்பா மட்டும்தான் இருந்தார். சம்பந்தி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு பேரும் பர்மனென்ட் ஆனோம். ஆடி பிறப்பதற்கு முன்னால் மகளையும் மருமகனையும் அழைத்துவர அப்பாவும் அம்மாவும் தட்டோடு வில்லியனூர்ப் பக்கம் போனார்கள். சம்பந்தி வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"எருமைய யாராவது ஆடிக்கு அழைப்பாங்களா? கட்டுத்தறிக்கு ஓட்டினு போங்க."

"வெளாட்டுல சொன்னதுங்க" என்றார் அப்பா.

"ஊரே கேட்டுதேய்யா! எம்புள்ள மூஞ்சிய எங்க வச்சிக்கறது?"

உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "நானுந்தாம்பா அவன திட்டனேன்" என்றாராம். "நீ திட்லாம்டா, நீ மாப்ள" என்றாராம் சம்பந்தி. என் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று அழுதாளாம். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் இனி ஜோடியாக ஆடக்கூடாது. அப்பா என்னைக் கேட்கவில்லை, சரி என்றுவிட்டு மகளை அழைத்துவந்தார். கேட்டிருந்தாலும் நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்?

நான் ஐந்து பேர் ஆடுகிற டீமுக்கு மாறினேன். மில்லில் ஆள் குறைக்கிற வரைக்கும் அதில்தான் ஆடினேன். மோசமில்லை. அவருக்குக் காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு பையனை ஜோடி சேர்த்தார்கள். அவனை அவர் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் அவனும் வலக்கை. முதல் சுற்றுக்கு மேல் அவர்கள் பெரும்பாலும் போகவில்லை. தங்கை நன்றாக இருந்தாள், மூன்று பிள்ளைகள். நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

உங்கள் ஊரிலும் இரண்டு பையன்கள் ஜோடியாக எதையாவது ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீடுகளில் பெண் கொடுக்கிற பேச்சு வந்தால், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால், மைதானத்தில் யார் யாரை என்னவென்று கூப்பிடுவது என்று பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.