பூநாரை பார்க்கப் போன காலை

எங்கள் ஆபீசில் ஒருவர் லீவுக்குக் குடும்பத்தோடு ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிராமத்துக்குப் போய் வந்தார். அங்கே எடுத்த பறவைப் படங்களை வாரம் முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். பொறாமைதான், வேறென்ன. எண்ணூர் கழிமுகத்துக்கு வருஷா வருஷம் பூநாரைகள் வருகின்றன. அதுங்களே லீவுக்கு நம்ம ஊருக்கு வரும்போது நாம் எதற்கு விமானம் ஏற வேண்டும் என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வண்டி ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம். பறவையில் அவருக்கு ஒரு ஆர்வமும் கிடையாது. "மீனத் துன்ற கொக்க போட்டோ புடிக்க இம்மாம் பெரிய லென்சு" என்பார். ஆனாலும் என்னைத் தனியாக விடமாட்டார். அவரைக் கூட்டிப்போக நான் சில சட்டங்கள் போட்டிருந்தேன். பறவை முன்னால் பேசக்கூடாது. நான் உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்கினால், பறவை கிட்டே இருக்கிறது, நின்ற இடத்திலேயே நில் என்று அர்த்தம். ஒருமுறை அவர் தும்மி ஒரு மீன்கொத்தி பறந்துபோனதற்கு நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அதற்குப் பிறகு சட்டம் மீறியதில்லை மனுஷன்.

எர்ணாவூரைத் தாண்டி, சாம்பல் குழாய் போகிற கரைமேல் வண்டியை நிறுத்தினோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கசிந்து கசிந்து அந்தப் பக்கத்துக் கழியில் பரவிக் கிடக்கிறது. மார்கழிப் பனியில் தண்ணீர், சாம்பல், வானம் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. தலைக்கு மேலே மின்கம்பிகள் ஈரத்தில் சடசடத்துக்கொண்டிருந்தன. ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில் பூநாரைகள் நின்றன. பனியில் கால்கள் மறைந்துபோய், உடம்பு மட்டும் அந்தரத்தில் வைத்த மாதிரி இருந்தது.

அவரைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். முதலில் தரை கெட்டியாகத்தான் இருந்தது. பறவைகள் நிற்கிற இடம்தானே, எனக்கு என்ன என்று நடந்தேன். என் எடை என்ன, பூநாரை எடை என்ன என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. ஆறிய கஞ்சிமேல் படிந்த ஆடை மாதிரி அது விட்டுக்கொடுத்தபோது முழங்கால் வரை போயிருந்தேன். ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. டிசம்பர் குளிரில், காய்ச்சல்காரர் உடம்பைத் தொட்டது போன்ற அந்தச் சூடுதான் எனக்கு முதல் பயம்.

திரும்பிப் பார்த்தேன். கரைமேல் அவர் நின்றுகொண்டிருந்தார். வா என்று கையைத் தூக்கினேன். அவர் உடனே அசையாமல் நின்றுவிட்டார்.

நான் போட்ட சட்டம். கையை ஆட்டினேன், அவர் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பறவை ரொம்பக் கிட்டே வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். சேறு தொடைக்கு ஏறியது. கடல் பக்கமிருந்து ஓதமும் ஏற ஆரம்பித்திருந்தது. என்னைச் சுற்றித் தண்ணீர் சத்தமில்லாமல் அகலமாகிக்கொண்டே வந்தது. வாய் வரை வந்தால் முடிந்தது கதை.

அப்போதுதான் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு என் வாயில் வந்தது அவருடைய பேர். அடித்தொண்டையிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. பூநாரைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. லாரி ஹாரனும் ஆலைச் சங்கும் கேட்டுப் பழகியவை அவை. அவர் எழுந்தார். எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

மறுபடியும் பேர் சொல்லிக் கத்தினேன். அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறின. திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது வந்த பயம் சேறு கொடுத்த பயத்தைவிடப் பெரியது. என்னைக் கட்டிக்கொண்டவர் அவர் இல்லையோ, இத்தனை நாள் இந்த முதுகோடுதான் வாழ்ந்தேனோ என்றெல்லாம் தோன்றியது.

கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றினேன். அதை யாரையும் தொடவிட்டதில்லை. பலம் கொண்ட மட்டும் பறவைகளைப் பார்த்து வீசினேன். தண்ணீர் தெறித்ததும் ஒன்று எழும்பியது, பிறகு மொத்தக் கூட்டமும் எழும்பியது. பனிக்குள் எல்லா இறக்கைகளும் ஒன்றாக விரிந்து, அந்தச் சாம்பல் வெளி முழுக்கச் சிவந்துபோனது. நான் வாழ்நாளெல்லாம் எடுக்க நினைத்த படம் அதுதான்.

அவர் திரும்பினார். மீனவர்கள் கரையில் கவிழ்த்து வைத்திருந்த தெர்மாகோல் மிதவை ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் துழாவிக்கொண்டே வந்து என் அக்குளைப் பிடித்தார். சேறு என்னை விடுவதற்கு நேரம் எடுத்தது. அதுவரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கரையேறி, உடம்பில் சாம்பல் காயக் காயக் கேட்டேன். "யோவ், நான் கத்தினது கேக்கலயா?"

"கேட்டுச்சிமே."

"அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்ன?"

கையிலிருந்த சேற்றைக் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணிப் பக்கத்துலேந்து பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்பக்கூடாதும்பாங்க எங்க வூட்ல. செத்தவங்கதான் அப்டிக் கூப்டுவாங்க. உன் கொரலுதான்னு நல்லாத் தெரிஞ்சுது. அம்மாஞ் சத்தத்துக்கு ஒரு பறவகூட அசையல. நீ உசுரோட கீறப்ப என்னிக்கு என்னியப் பேரு சொல்லிக் கூப்ட்ட? நீ பூட்டன்னு நெனச்சேன்."

"அப்பால எதுக்கு வந்த?"

"பறவைங்க பறந்துச்சே. கல்லோ இன்னாவோ வுட்டுகீற. கை கீதுன்னா ஆளும் கீதுன்னு ஓடியாந்தேன்."

கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. என்னைப் பறிகொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, போகவும் மனசில்லாமல், திரும்பவும் தைரியமில்லாமல் அவ்வளவு நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக அவர் பேரைச் சொன்னேன்.

அவருக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இந்தமுறை திரும்பினார். கண்ணை மட்டும் திறக்கவில்லை.