பாட்டு வீட்டுக்கு வந்தால்தான் கதவு திறக்கும்

"இறங்கணுமா? கொஞ்சம் பொறுங்க. பாட்டு வீட்டுக்கு வரட்டும்" என்று கோபினா எசுமன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துச் சொல்லும்போது, டாக்சி சந்தை வாசலில் நின்று ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பின் கதவின் உள்கைப்பிடி உடைந்து மூன்று வருஷமாகிறது. அவரே இறங்கி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். ரேடியோவில் பாட்டு நடுவழியில் இருந்தால் அவர் இறங்க மாட்டார். "யோவ், உன் பாட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என் தக்காளி அழுகிடும்!" என்று கூடைக்காரம்மாக்கள் கத்துவார்கள். மனுஷன் அசைய வேண்டுமே! கடைசிச் சுரம் விழுந்த பிறகுதான் கதவு திறக்கும்.

கேப் கோஸ்ட் என்ற கடற்கரை நகரத்தில் முப்பது வருஷமாக டாக்சி ஓட்டுகிறார். மேட்டு மெதடிஸ்ட் கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல். ஐம்பத்தொரு வயதில் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. சனிக்கிழமைதோறும் இசை வகுப்புக்குப் போகிறார். அரிச்சுவடியைத் தாண்டியாயிற்று, இப்போது இரண்டாம் நிலை, அதாவது ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்கிற படிப்பு. சொல்லித்தருகிற மென்சிமா டீச்சருக்கு அவர் மகள் வயது. முதல் நாளே, "பாட்டு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க சார். ஏன் நல்லா இருக்குன்னு நீங்க சொல்லணும்" என்றுவிட்டாள். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். பாட்டின் கட்டங்களுக்கு எண் போடுவார். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே வீடு மாறுகிறது, அதாவது 'டோ' என்ற ஆதார சுரம் எங்கே இடம் மாறுகிறது என்று கோடு கிழிப்பார்.

பித்து வகுப்போடு நிற்கவில்லை. தெருவில் கெங்கே என்கிற சோளமாவு உருண்டை விற்கிறவள் கூவினால், "கவனிச்சியா? அவ அஞ்சாவது சுரம் 'சோ'விலேயே நிறுத்துறா, 'டோ'வுக்குத் திரும்பல. பாட்டு பாதியில தொங்குது. நாம வாங்கினாத்தான் முடியும். கெட்டிக்காரி!" என்பார். மனைவி அபா ஒருநாள் சண்டைக்கு நடுவே, "என் திட்டையும் கூறு போட்டா, சோறு கிடையாது" என்று எச்சரித்தாள். அவளும் 'சோ'வில்தான் நிறுத்தினாளாம். அவர் அதை வெளியே சொல்லவில்லை, பசி.

அவருக்கு இன்னொரு பெருமை, கையெழுத்து. குழுவில் யாருக்கும் கோடு போட்ட இசைத்தாள் படிக்க வராது. டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பிளந்து கட்டுவார்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தாள் எழுதுவது கோபினாதான். அடியில் 'எழுதியது: கோ. எ.' என்று சுழித்துப் போடுவார். "இதுல ஒரு தப்பு காட்டுங்க, ஒரு பெட்டி சோடா வாங்கித் தரேன்" என்பது அவருடைய பழைய சவால்.

இந்த வருஷப் பாடகர் குழுப் போட்டிக்கான பாட்டில் இருபத்துமூன்றாவது கட்டம்தான் குழுவுக்குக் கண்டம். பள்ளிக்கூடச் சமையல்கார எகுவா பென்ட்சிவா, பதினாலு வருஷமாகப் பெண்களின் நடுக்குரலில் பாடுகிறவள், அந்த இடத்தில் மட்டும் சுரம் தப்பிக் குப்புற விழுவாள். அவள் குரல் வேறு வெண்கலத் தொண்டை. விழுந்தால் கோயில் முழுக்கக் கேட்கும்.

"தாளைப் பாத்துப் பாடு!" என்பார் குழுவை நடத்துகிற தாச்சி மாஸ்டர்.

"அதைப் பாத்துத்தான் மாஸ்டர் பாடுறேன்!" என்பாள் எகுவா.

கீழ்க்குரல் வரிசை சிரிக்கும். கோபினாவும் சேர்ந்து சிரித்தவர்தான். போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலை வெள்ளிக்கிழமை ஒத்திகையில் வாசிப்பதென்றும், அதில் எகுவா வேண்டாமென்றும் மாஸ்டர் முடிவுசெய்துவிட்டார். அவளோ போட்டிக்கான உடுப்பை ஏற்கெனவே தைத்துவிட்டாள்.

அந்த வாரம் மென்சிமா டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்: தெரிந்த பாட்டு ஒன்றில் 'டோ' எங்கே வீடு மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள். கோபினா போட்டிப் பாட்டையே எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை, டாக்சி நிறுத்தத்தில், காரின் மூக்கின்மேல் மாஸ்டரின் அச்சுப் புத்தகத்தை விரித்தார். பக்கத்தில் தான் எழுதிய நடுக்குரல் தாள். இருபத்துமூன்றாவது கட்டம். அங்கேதான் பாட்டு வீடு மாறுகிறது. அதுவரை 'சோ' என்றிருந்த சுரம் அங்கிருந்து 'டோ'. பிறந்த வீட்டில் மகள், புகுந்த வீட்டில் மருமகள், ஆள் ஒருத்திதான். அச்சில் பெரிய 'டோ'வின் தோளில் ஒரு குட்டி 'சோ' உட்கார்ந்து அதைச் சொல்கிறது. அவருடைய தாளில் தோள் காலி.

ஐயோ! மற்ற நடுக்குரல்காரிகள் தாளைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்து, காதால் சமாளித்திருக்கிறார்கள். எகுவா ஒருத்திதான் எழுதியதை எழுதியபடி நம்பிப் பழைய 'டோ'வைப் பாடியிருக்கிறாள். கோபினா புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

தாள்கள் இருக்கும் அலமாரியின் சாவி அவரிடம்தான். பதினெட்டு நடுக்குரல் தாளிலும் ஒரு குட்டி எழுத்து. ஐந்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே போய்ப் பென்சிலையும் எடுத்தார். 'பரவாயில்லையே, எகுவா ஒருவழியாத் தேறிட்டா' என்று நாளைக்கு எல்லாரும் சொல்வது காதில் கேட்டது. அப்போதும் தப்பு அவளுடையதாகவே நிற்கும். பென்சில் பைக்குள் திரும்பியது. 

மறுநாள் மாஸ்டர் பட்டியலைப் பிரித்தார். "எகுவா, இந்தத் தடவை நீ உக்காந்து கேளும்மா."

அவள் தாளை மடித்தாள். அந்த மடிப்பைப் பார்த்ததும் கோபினா எழுந்துவிட்டார்.

"மாஸ்டர், அவ தாள்ல இருக்கிறபடிதான் பாடினா. என் தாள்தான் தப்பு. இருபத்துமூணுல வீடு மாறுற அடையாளத்தை நான் எழுதாம விட்டுட்டேன். எழுதினவன் நான்... சிரிச்சவனும் நான்."

மாஸ்டர் தாளை வாங்கி அச்சோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார்.  பிறகு நடுக்குரல் வரிசையிலிருந்து யாரோ, "சோடா எங்கே, கோ. எ.?" என்றாள். சிரிப்பில் கூரை அதிர்ந்தது. மாஸ்டர் தன் பங்குக்குப் பட்டியலில் எகுவாவின் பெயரைத் தானே எழுதி, "தப்பு என்மேலயும்தான்மா. உன் தாளை நான் ஒரு தடவையாவது வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். குட்டி எழுத்தைச் சேர்த்துப் பாடினார்கள். எகுவா இருபத்துமூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

ஒத்திகை முடிந்ததும் கோபினா அவளைக் காசில்லாமல் ஏற்றிக்கொண்டார்.  ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பாட்டு கடைசி வரிக்கு ஏறிக்கொண்டிருந்தது, சரியாக 'சோ'வில். எகுவா பழக்கப்பட்டவள், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

டக்கென்று ரேடியோவை அணைத்தார் கோபினா.

"என்ன அண்ணே, பாட்டு இன்னும் வீட்டுக்கு வரலையே?"

அவர் அதற்குள் சுற்றி வந்து, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.