புகைப்புரையில் காய்ந்த பேட்டரி

1. மெக்கானிக் எங்கே?

புதுக்கடை ஊரில், மரம் வெட்டும் செயின்சா பழுதுபார்க்கும் கடையில் பதினெட்டு வருடமாக வேலைப் பெஞ்சின் முன் நிற்பவள் நான். எங்கள் பக்கம் அதை மிஷின் வாள் என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் வந்த கஸ்டமர் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எங்க மக்ளே?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "செரி, அவரு வரட்டு. நான் நிக்கேன்" என்றார். அரை மணி நேரம் நின்று, வேறு வழியில்லாமல் தந்தார். வாள் ஓடியது. அடுத்த தடவை வாசலில் நின்றே, "செல்வி உண்டா?" என்று கேட்டார்.

அது பெட்ரோல் வாள் காலம். பேட்டரி வாள் வந்ததும் எல்லோருக்கும் ஒரு நினைப்பு, இதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று. "பெட்ரோலே இல்ல, பின்ன எதுக்கு ஆயிலு?" என்று செயினுக்கு எண்ணெய் விடாமல் ஓட்டி, செயின் சுற்றி ஓடும் பாரைக் கருக்கிக்கொண்டு வருவார்கள். ரப்பர் மரம் வெட்டினால் பால் செயினில் ஒட்டிக் கட்டியாகும், அன்றன்றைக்குத் துடைக்க வேண்டும். துடைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் வாளுக்குக் கயிறு இழுக்க வேண்டும், இதற்கு விரல் பட்டால் போதும், ஓடிவிடும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

2. ராஜமணி அண்ணனின் இரண்டு பேட்டரி

ராஜமணி அண்ணன் பழைய ரப்பர்த் தோட்டங்களை வெட்டி ஒழிக்கும் கான்ட்ராக்டர். அவர் சொன்னால் பத்து வெட்டுக்காரர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். ஒரு மழைக்கால மதியம், சார்ஜ் ஏறாத பேட்டரியோடு வந்தார்.

"சார்ஜருல செவப்பு லைட்டு மின்னிட்டே கெடக்கு. சோலி நிக்குது, சீக்கிரம் பாரு மக்ளே."

கையில் வாங்கியதும் எனக்கு ஒரு வாசனை அடித்தது. எந்த பேட்டரியிலும் வராத வாசனை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற புகைப்புரையின் வாசனை. உறை லேசாக வளைந்து, ஓரத்தில் வாய் பிளந்திருந்தது.

"வேற சார்ஜருல போட்டுப் பாரேன்" என்றார் கடை முதலாளி.

"இத நான் சார்ஜுல போட மாட்டேன் முதலாளி."

"கட எனக்குள்ளதா, உனக்குள்ளதா?"

"கட உங்களுக்குள்ளது. பெஞ்சு எனக்குள்ளது."

அவர் முகம் சிவந்தது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். பிறகு ராஜமணி அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, இது நனஞ்சுதா?"

"நேத்து மழையில ரெண்டும் நல்லா நனஞ்சுது. அதான் புகைப்புரையில வச்சேன். ஷீட்டே காயும்போ இது காயாதா?"

"ரெண்டா? மற்றது எங்க?"

"அது கேடில்ல. பச்ச லைட்டு வந்துது. சாய்ப்புல சார்ஜருல குத்தி வச்சிட்டுதான் வாறேன்."

சாய்ப்பு என்றால் வீட்டின் பின்சுவரோடு சேர்ந்த ஓட்டுக்கூரைக் கொட்டகை. அங்கேதான் காய்ந்த ஷீட்டெல்லாம் அடுக்கியிருப்பார்கள். தீப்பிடித்தால் ரப்பர் லேசில் அணையாது.

"வீட்டுல ஆரு உண்டு?"

"லலிதா உண்டு. எதுக்கு மக்ளே?"

போனைப் போடச் சொன்னேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவி எடுத்தார்.

"லலிதா அக்கா, சாய்ப்புல பேட்டரி எப்படி இருக்குன்னு வாசல்ல நின்னே பாருங்கோ. உள்ள போவாதீங்கோ."

கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம். பிறகு அவர் குரல். "ஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கு. புகையும் வருது. அய்யோ, ஷீட்டெல்லாம் பக்கத்துல இருக்கே! எடுத்து வெளிய முத்தத்துல எறியட்டா?"

"தொடாதீங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஷீட்டு போனா போட்டு! வெளிய ஓடுங்கோ! முன்நடையில உள்ள மெயின் சுவிச்ச ஆஃப் பண்ணிட்டு முத்தத்துக்குப் போங்கோ!"

போனில் பட்டென்று ஒரு வெடிச்சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ராஜமணி அண்ணன் என் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லலிதா... லலிதா..."

"முத்தத்துல நிக்கேன்" என்றது போன். "தீ பத்திட்டு. ஆளக் கூப்பிடுங்கோ."

முதலாளியே தீயணைப்புக்கு போன் செய்தார். சாய்ப்பும் ஷீட்டும் போயின. வீட்டுக்குத் தீ பரவவில்லை. வாய் பிளந்த அந்த முதல் பேட்டரியை நான் ஒரு பழைய இரும்பு வாளியில் மணலுக்குள் வைத்துக் கடைக்கு வெளியே தள்ளி வைத்தேன்.

3. உங்களுக்குச் சொல்வது

நனைந்த பேட்டரியைச் சூட்டில் காயவைக்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், கடைக்குக் கொண்டு வாருங்கள். வேலை முடிந்து சூடாக இருந்தால், நிழலில் ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். அதற்குரிய சார்ஜரில், எரியும் சாமான் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள்.

இதையெல்லாம் நான் அதற்கு முன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பணிவாக, மெல்லச் சொன்னேன். பெண்பிள்ளை அதிகம் பேசுகிறாள் என்பார்களோ என்று ஒரு கூச்சம். அன்றோடு அது போயிற்று. இப்போது ராஜமணி அண்ணனே மழை பெய்தால் வெட்டுக்காரர்களுக்கு போன் செய்து, "நனஞ்சத செல்விகிட்ட கொடு, புகைப்புரையில வச்சா கொன்னுருவா" என்கிறாராம். அதைக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

தீப்பிடித்த அடுத்த வாரம் லலிதா அக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்துப் பலகாரம்.

"நீ கத்தும்போ நான் வாசலு தாண்டி உள்ள போயாச்சு மக்ளே. அத எடுக்கக் கைய நீட்டிட்டேன். உனக்க சத்தத்துலதான் வெடுக்குன்னு பின்னால எடுத்தேன்."

டப்பாவைத் திறந்து நீட்டினார். கிரீஸ் படிந்த என் விரலால் எடுக்கத் தயங்கினேன். அவரே ஒன்றை எடுத்து என் வாயில் ஊட்டினார்.

"தின்னு. அன்னைக்கு நீட்டினது இந்தக் கைதான்."